நத்தை ஓட்டுல பழைய காலத்து மழையைப் பாக்குறது எப்படி?

மக்கா, ஓடைக்கரை மண்வெட்டுலயோ நம்ம கன்னியாகுமரி மாவட்டம் முட்டம் பக்கத்து செம்மண் மேட்டுலயோ வெளுத்துப்போன நத்தை ஓடு கண்ணுல பட்டா உடனே தோண்ட ஆரம்பிக்காதீங்க. மொதல்ல உயிரோட இருக்குற நத்தையைப் பாக்கணும். மழை விட்ட காலையில வாழைத்தோட்டத்துல எது ஊருது, காஞ்ச மேட்டுல செடியில ஒட்டிக்கிட்டு எது தூங்குதுன்னு பாத்து, செத்துக் கிடக்குறதுல புது ஓடா கொஞ்சம் எடுத்து டப்பாவுல போட்டு எந்த மாசம்னு எழுதிருங்க, ஏன்னு கடைசியில சொல்றேன்.

அப்புறம் நிலத்துக்காரர்ட்ட கேட்டுட்டு மண்வெட்டோட முகத்தை ஒரு சாண் உள்ள சீவுங்க. கீழ இருந்து மேல போகணும், மேல இருந்து எடுத்தா உதிர்ற மண்ணு கீழ்அடுக்குல கலந்துரும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பை, பைக்கு உள்ளயும் வெளியயும் ஆழம் எழுதின சீட்டு.

வீட்ல தண்ணியில ஊறப்போட்டு அரை மில்லிமீட்டர் சல்லடையில அலசுங்க. அழுக்கு போகலன்னு நான் ஒருநாள் வினிகர்ல போட்டேன், ஓடே சுண்ணாம்புதான, நுரைச்சுக் கரைஞ்சு போச்சு. ஒருவார வேலை!

எண்ணும்போது ஒடஞ்ச துண்டையெல்லாம் எண்ணாம சுழி நுனியை மட்டும் எண்ணணும், ஒரு நத்தைக்கு ஒரு நுனிதான். ஈரத்துல வாழ்ற ஜாதி கூடுதா, காஞ்ச இடத்து ஜாதி கூடுதாங்குறதே பாதிக் கதையைச் சொல்லிரும். அந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தை ஓடு கெடச்சா மட்டும் அந்தப் பையை நம்பாதீங்க, அது 1847ல கல்கத்தாவுல கொண்டுவந்து விட்டது, மண்ணுக்குள்ள பொதஞ்சு தூங்குற பழக்கமும் அதுக்கு உண்டு.

வயசுக்கு கார்பன் 14 டெஸ்ட் இருக்கு, சுமார் 50,000 வருஷம் வரைக்கும்தான். சுண்ணாம்புக்கல்லு உள்ள எடத்துல நத்தை அதையும் சுரண்டித் தின்னுரும், அப்ப உள்ளதை விட வயசு கூடுதலா காட்டும்.

மழையைத் தெரிஞ்சுக்க ஆக்சிஜன் 18, அதாவது ஆக்சிஜன்ல கனமான வகை, ஓட்டுல எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். அதுக்கு முன்னாடி ஓடு இன்னும் அரகோனைட்டாவே (நத்தை கட்டுன சுண்ணாம்புப் படிகம்) இருக்கான்னு லேப்ல கேளுங்க, கால்சைட்டா (அதே சுண்ணாம்போட வேற படிகம்) மாறியிருந்தா பழைய தகவல் அழிஞ்சிருக்கும். பொதுவா நம்ம மாதிரி வெப்பப் பகுதியில பெருமழை பெஞ்சா ஆக்சிஜன் 18 கொறையும், காத்து காஞ்சா கூடும். ஆனா நம்ம மாவட்டத்துல இதுதான் சிக்கல். கன்னிப்பூ நெல்லு போகத்துக்கு ஒரு மழை, கும்பப்பூ போகத்துக்கு ஒரு மழைன்னு ரெண்டு பருவமழை வாங்குற ஊரு, அதுல ஐப்பசி கார்த்திகை மழையில இயல்பாவே ஆக்சிஜன் 18 கொறச்சல். அதனால நம்பர் எறங்கியிருந்தா மழை கூடுச்சுன்னும் சொல்லலாம், ஆடி மழை பொய்ச்சு ஐப்பசி மழை மட்டும் பெஞ்சதுன்னும் சொல்லலாம்.

இங்கதான் அந்த டப்பா வேணும். ஓடு நுனியில ஆரம்பிச்சு வாய் ஓரத்துல வளந்து முடியும், கடைசியா பெஞ்ச மழை வாய் ஓரத்துலதான் இருக்கும். ஆடியில எடுத்ததையும் கார்த்திகையில எடுத்ததையும் ஓரத்துல சுரண்டி டெஸ்ட் பண்ணி வச்சுக்கிட்டு அதுகூட பழைய ஓட்டை ஒப்பிடுங்க.