பழைய மாருதி 800 மீட்டருக்கு எல்இடி: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

இரவில் வேகம் எவ்வளவு என்று பார்க்கத் தலையை முன்னே நீட்ட வேண்டியிருக்கிறதா? மீட்டர் பல்புகள் கறுத்துவிட்டன. என்னுடையது 1998 மாருதி 800, கார்புரேட்டர் மாடல். அந்தக் காலத்து மற்ற கார்களிலும் வேலை ஏறக்குறைய இதேதான், ஸ்க்ரூ இருக்கும் இடங்கள் மட்டும் மாறும்.

முதலில் பல்பு. மீட்டருக்குப் பின்னால் பெரும்பாலும் டி10, டி5 என்ற இரண்டு அளவுகள்தான் இருக்கும். எண் என்பது பல்புக் கண்ணாடியின் குறுக்களவு, ஏறக்குறைய மில்லிமீட்டரில். பழைய பல்பு ஒன்றைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், வாக்குவாதம் மிச்சம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் தேடிப் பார்க்கலாம்.

நுனியில் மட்டும் ஒற்றைச் சிப் வைத்த எல்இடியை வாங்காதீர்கள். பழைய பல்பு நாலா பக்கமும் வெளிச்சம் தரும். மீட்டரின் உள்கூடு அதற்கேற்பத்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஒற்றைச் சிப் நேராக மட்டுமே அடிப்பதால் 60 என்ற எண் பளீரென்று தெரியும், 100 இருட்டில் கிடக்கும். பக்கவாட்டிலும் சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

நிறம்? நீலம் வேண்டவே வேண்டாம். கடையில் அழகாகத்தான் இருக்கும், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் கண் கூசும். என் ஓட்டு வெள்ளைக்கு. ஆனால் டயலுக்குப் பின்னால் பச்சை அல்லது நீல ஃபில்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில வண்டிகளில் பல்பின் மேலேயே தொப்பி மாதிரி மாட்டியிருப்பார்கள். நீல ஃபில்டர் இருந்தால் மஞ்சள் கலந்த வெள்ளை மங்கிப் போகும், சுத்த வெள்ளைதான் சரி.

இனி கழற்றுவது. பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிடுங்கள். மீட்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியின் ஸ்க்ரூ, அப்புறம் மீட்டரின் ஸ்க்ரூ. நுனியில் காந்தம் உள்ள ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு ஸ்க்ரூவாவது டேஷ்போர்டுக்குள் விழுந்து காணாமல் போகும். மீட்டரைக் கொஞ்சம் முன்னே இழுத்து, பின்னால் கைவிட்டு, ஸ்பீடோமீட்டர் கேபிளின் பிளாஸ்டிக் லாக்கை அமுக்கி வெளியே எடுங்கள். இழுத்துப் பார்க்கும் ஆசை வரும். லாக் உடைந்தால் கேபிள் நிற்காது, முள்ளும் நகராது. ஒயர்களை மீட்டரோடு இணைக்கும் கப்ளர்களுக்கும் இதே மரியாதை.

இப்போது மீட்டர் கையில். பின்பக்கம் முழுவதும் ஒரு பிளாஸ்டிக் தாள், அதில் செம்புக் கோடுகள். பல்பு ஹோல்டர்கள் அந்தத் தாளை அழுத்திக்கொண்டுதான் மின்சாரம் வாங்குகின்றன. நிதானம் தேவைப்படுவது இங்கேதான். இத்தனை வருட வெயிலில் அந்தத் தாள் மொறமொறவென்று ஆகியிருக்கும். ஹோல்டரை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினால் தானாக வரும். வராவிட்டால் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள், செம்புக் கோடு உரிந்துவிடும். விரலால் முன்னும் பின்னும் அசைத்துக் கொடுங்கள். ஹோல்டர் தொடும் இடம் கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்தால் போதும், உப்புத்தாள் வேண்டாம். பல்பை மாற்றியும் மங்கலாக எரிகிற பல வண்டிகளில் உண்மையான வியாதி இந்தக் கறுப்புதான். முள்ளையும் தொடாதீர்கள். பிடுங்கி மாட்டினால் மீட்டர் தப்பு வேகம் காட்டும்.

எல்இடிக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் உண்டு. அதனால் எல்லாவற்றையும் மூடும் முன் கப்ளரை மட்டும் மாட்டி, பேட்டரி கொடுத்து, பார்க் லைட்டைப் போடுங்கள். எரியாததை ஹோல்டரிலிருந்து எடுத்துத் திருப்பிச் செருகினால் எரியும்.

அடுத்தது, பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு. அதை மாற்றாதீர்கள். பல பழைய வண்டிகளில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளத் தேவையான முதல் மின்சாரமே அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. எல்இடி எடுப்பது மிகக் குறைந்த கரண்ட், அது போதாமல் போகலாம். எஞ்சின் ஓடும், சார்ஜ் ஏறாது, மறுநாள் காலை பேட்டரி படுத்துக்கிடக்கும். மல்டிமீட்டர் இருந்தால் எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் வைத்துப் பாருங்கள்: 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 12.5-ஐ ஒட்டியே நின்றால் சார்ஜ் ஆகவில்லை. ஆயில் விளக்கையும் நான் பழைய பல்பாகவே விட்டுவிட்டேன். அவை எரிவதே அபூர்வம், மாற்றி என்ன லாபம்?

பின்சேர்க்கை: இடது வலது இரண்டுக்கும் சேர்த்து மீட்டரில் ஒரே இண்டிகேட்டர் விளக்கு உள்ள வண்டிக்காரர்கள், எல்இடி போட்டதும் ஒரு பக்கம் மட்டும் மின்னுகிறது என்கிறார்கள். அந்த விளக்கில் மின்சாரம் ஒரு பக்கத்துக்கு ஒரு திசையிலும் மறுபக்கத்துக்கு எதிர்த் திசையிலும் போகும். எப்படிச் செருகினாலும் எரிகிற எல்இடி கடையில் கிடைக்கும், அதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் பழைய பல்பே இருக்கட்டும்.

இன்னொன்று, மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள வண்டிகளுக்கு. எல்லாவற்றையும் எல்இடியாக்கினால் திருகைத் திருப்பினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அது பழைய பல்புகள் எடுக்கும் கரண்டுக்காகச் செய்தது. அதே வரிசையில் ஒரு மூலையில் ஒரு பழைய பல்பை விட்டுவையுங்கள், திருகு ஓரளவு வேலை செய்யும்.