ஒரு வண்டு, ஒரு பழைய சாவி

எதை வரைவது என்று தெரியவில்லையா? சன்னல் ஓரம் செத்துக் கிடக்கும் வண்டை எடுத்து வெள்ளைத் தாளில் வையுங்கள். பக்கத்தில் நீங்கள் தினமும் தொடும் பொருள் ஒன்று: சாவி, சீப்பு, விளிம்பு உடைந்த கோப்பை.

முதல் 10 நிமிடம் பென்சிலைத் தொடாமல் பாருங்கள். வண்டின் 6 கால்களும் வயிற்றிலிருந்து வருவதுபோல் தோன்றும்; உண்மையில் எல்லாமே நடுப்பகுதியான மார்பிலிருந்துதான் கிளம்புகின்றன. இதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பச்சையாக மின்னும் ஓட்டுக்கு ஒரே பச்சை போதாது. அந்த மினுமினுப்பு சாயத்தால் வருவதல்ல, ஓட்டின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. நீர்வண்ணம் என்றால் நீலத்தையும் பச்சையையும் ஈரம் காயும் முன் கலக்கவிட்டு, ஒளி விழும் இடத்தில் தாளின் வெண்மையை அப்படியே விடுங்கள்.

அர்த்தத்தை முன்கூட்டியே தேடவேண்டாம். படம் முடிந்ததும் பின்பக்கம் ஒரு வரி எழுதுங்கள்: எங்கே கிடைத்தது, வரையும்போது யார் நினைவு வந்தது. என் பாட்டியின் மூக்குக்கண்ணாடியை வரைந்தபோது, அதன் ஒரு காலில் அவர் சுற்றியிருந்த நூல் அன்றுதான் என் கண்ணில் பட்டது. எத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தது!

அடுத்த வாரம் அதே பொருளை வேறு வெளிச்சத்தில் வரையுங்கள். இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ மொராண்டி ஒரு சில புட்டிகளையும் குவளைகளையுமே பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வரைந்தார்.