பள்ளிக்கூடம் தொடங்கியவர் எம்.பி. ஆன கதையை ஐந்து நிமிடத்தில் சொல்வது எப்படி

நான் காரைக்குடியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆகஸ்ட் பிறந்தால் தெருப் பிள்ளைகள், "டீச்சர், ஆசிரியர் தினத்துக்கு ஒரு பேச்சு" என்று வந்து நிற்பார்கள். எல்லார் வாயிலும் ராதாகிருஷ்ணன்தான். 1953இல் நம் ஊருக்கே வந்து செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைத் திறந்துவைத்தவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே மேடையில் ஏழு பேர் அவர் கதையையே சொன்னால் நடுவர் என்ன செய்வார், பாவம்.

அதனால் இந்த வருஷம் வந்த எட்டாம் வகுப்புப் பெண்ணிடம், கோவையில் பள்ளிக்கூடம் தொடங்கி எம்.பி.யும் ஆன தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரை எடுத்துக்கொள் என்றேன். "கோட்டையூர்க்காரரா டீச்சர்?" என்றாள். பேரில் செட்டியார் என்று இருந்தால் நகரத்தார்தான் என்று நம் பக்கம் முடிவு கட்டிவிடுவார்கள். அவர் 1903இல் திருப்பூரில் பிறந்தவர். ஊரையும் வருஷத்தையும் இப்படி முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, எழுத உட்காராதீர்கள். பழைய மாதக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். நாங்கள் வீட்டு முன்கூடமான பட்டாலையில் தாளை விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் டம்ளர் வைத்தோம். கோட்டுக்கு மேலே பள்ளிக்கூடம், கீழே சபை. மேலே: 1930, கோவையில் அவர் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம். கீழே: 1935 முதல் 1945 வரை டெல்லியில் மத்திய சட்டசபை, 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர், 1952 முதல் 1957 வரை திருப்பூர் தொகுதி மக்களவை உறுப்பினர், 1958 முதல் 1964 வரை மாநிலங்களவை.

கடைசி இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும். மக்களவைக்கு ஜனங்கள் நேராக ஓட்டுப் போடுகிறார்கள். மாநிலங்களவைக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு மேடையில் நான் 1958ஐச் சொல்லி, "மக்கள் வாக்களித்து அனுப்பினார்கள்" என்று குரலை உயர்த்தினேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து, "அம்மா, அது ராஜ்யசபா" என்றார். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டது. அன்றிலிருந்து எந்த எம்.பி. பற்றி எழுதினாலும் அந்தந்த அவையின் செயலகக் குறிப்பைப் பார்க்காமல் வருஷம் போடுவதில்லை. இரண்டு அவைகளின் பழைய விவாதங்களும் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன.

சரி, பேச்சு எங்கே இருக்கிறது? கோட்டில் இடைவெளி தெரிகிற இடத்தில். அந்தப் பெண் 1957க்கும் 1958க்கும் நடுவே விரலை வைத்து, "இங்கே என்ன செய்தார்?" என்றாள். மேலே பார் என்றேன். மக்களவைக் காலம் முடிந்த அதே 1957இல் கோவையில் பெண்களுக்கான மனையியல் கல்லூரியை அவர் தொடங்கினார். அவள் உடனே, "பதவி போனதால் கல்லூரி கட்டினார்" என்று எழுதப் போனாள். தடுத்துவிட்டேன். 'அதே வருஷம்' என்று மட்டும் சொன்னால் போதும், காரணத்தை நாமாக ஒட்டவைக்கக் கூடாது.

கையால் தொட ஒரு பொருள் இருந்தால் பேச்சுக்கு உயிர் வரும். அவர் தலைமையில் இயங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன். என்னிடம் ஒரு தொகுதி இருக்கிறது. அட்டை கழன்று, ராமபாணப் பூச்சி துளைத்து, பக்கத்துக்குப் பக்கம் ஊசித் துவாரம். அதை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். "கனக்குது டீச்சர்" என்றாள். கனக்கட்டும், அதைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்கு என்றேன்.

வக்கீலுக்குப் படித்தது, சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனது எல்லாம் இரண்டே வரி. 'கல்வித் தந்தை', 'மாமனிதர்' போன்ற அடைமொழிகளை எழுதி முடித்த பிறகு தேடித் தேடி அடித்துவிடுங்கள். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வாய்விட்டுப் படியுங்கள். அவளுக்கு முதல் தடவை ஏழு நிமிடம் ஆனது. எதை வெட்டுவது என்று கேட்டாள். 1970இல் வந்த பத்ம பூஷணைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தாள். பென்சிலை அங்கே வைத்தேன்.