லாரி ஓட்டப் பழகும் பள்ளியில் சேருமுன்

நாமக்கல் பக்கம் லாரி ஓட்டப் பழக நினைக்கும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "ஃபீஸ் எவ்வளவுண்ணே?" என்றுதான். அதைக் கடைசியில் கேளுங்கள்.

கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும், வயது 20 நிரம்பியிருக்க வேண்டும். அது சரியென்றால், காலையில் பள்ளி வண்டி கிளம்பும் இடத்துக்குச் சும்மா போய் நில்லுங்கள். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுங்கள். நான் பழகிய இடத்தில் ஒன்பது பேர். ஒரு மாதத்தில் ஸ்டியரிங் என் கையில் இருந்தது இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம். விதிப்படி குறைந்தது 15 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். அந்தக் கணக்கு எழுதும் பதிவேடு, படிவம் 15, பள்ளியில் இருக்கும். காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் நடையைக் கட்டுங்கள்.

அப்புறம் வண்டிக்குள் எட்டிப் பாருங்கள். வாத்தியார் காலடியில் தனி பிரேக் இருக்கிறதா? லாரி பிரேக் காற்றழுத்தத்தில்தான் பிடிக்கும்; அதைக் காட்டும் ஏர் பிரஷர் முள் அசைகிறதா? எங்கள் வண்டியில் அது செத்துப் போயிருந்தது. காற்று ஏறும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது என்பதே எனக்குத் தெரியாது. தொப்பூர் கணவாயில் முதல்முறை லோடோடு இறங்கியபோது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பிரேக் லைனர் கருகும் வாடை அடித்ததும் பக்கத்தில் இருந்த மூத்த டிரைவர் "கியரைக் குறைடா!" என்று கத்தினார்.

அதனால் வாத்தியாரிடம் நேராகவே கேளுங்கள்: இறக்கத்தில் எந்த கியர், எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) எப்போது? லோடு லாரி ஓட்டிய ஆளா என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

"நீங்கள் வரவே வேண்டாம், பயிற்சி முடித்ததாகப் படிவம் 5 தருகிறோம்" என்கிற இடத்தின் வாசலையே மிதிக்காதீர்கள்.