சுகர் ஆப்பை உருப்படியா யூஸ் பண்றது எப்படி?

ரத்த சுகர் ரீடிங்க குறிச்சு வைக்கிற ஆப்பை இறக்கினதும் முதல்ல யூனிட்ட பாருங்க, உங்க சுகர் மீட்டர்ல மி.கி/டெ.லி.ன்னா ஆப்லயும் அதேதான் இருக்கணும். வெறும் வயித்துல ஒரு ரீடிங், சாப்பிட ஆரம்பிச்சு 2 மணி நேரம் கழிச்சு ஒண்ணு, கூடவே என்ன சாப்பிட்டீங்க, நடந்தீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு ஒரு வரி எழுதிடுங்க, வெறும் நம்பரை மட்டும் வெச்சு டாக்டரால பெருசா ஒண்ணும் சொல்ல முடியாது, என்னைக் கேட்டா இந்த ஒரு வரிதான் ரொம்ப முக்கியம். சுகர் 70 மி.கி/டெ.லி.க்கு கீழ போச்சுன்னா ஆப்ல தேடிட்டு இருக்காதீங்க, உடனே 15 கிராம் சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்துக்கோங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப செக், இன்னும் கம்மின்னா மறுபடி அதே (மயங்கிட்டவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க ப்ளீஸ், ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க). வீடியோ பாத்துட்டு இன்சுலின் டோஸ மாத்தவே மாத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.