ஒலிப்பதிவுக் கணினிக்கு எந்தச் சேமிப்பகம் ஏற்றது?

வட்டுகள் வாங்கக் கோவைக்குப் பேருந்து ஏறுமுன், பதிவாகப்போகும் தரவின் அளவைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு மைக்கின் ஒலி நொடிக்கு 144 கிலோபைட் மட்டுமே. கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை உடுக்கை, குரல், பின்பாட்டு என்று 16 தடங்களில் ஒரு மணி நேரம் பதிந்தாலும் ஏறத்தாழ 8.3 ஜிபிதான் சேரும். இதற்குச் சாதாரண ஹார்டு டிஸ்க்கே தாராளம்.

நெருக்கடி, முன்பே பதிந்துவைத்த வாத்திய ஒலித் துண்டுகளின் தொகுப்பான சாம்பிள் லைப்ரரியில்தான் வருகிறது. கீபோர்டில் ஒரு விசையை அழுத்தியதும் வட்டின் பல மூலைகளிலிருந்து சிறுசிறு துண்டுகளை எடுக்கவேண்டியிருப்பதால், ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல், தரவைப் படிக்கும் ஹெட் ஒவ்வொரு முறையும் இடம்பெயர ஏறக்குறைய 10 மில்லிநொடி வீணாகிறது. சுழலும் பாகமின்றிச் சிப்புகளிலேயே தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அந்த நகர்வே கிடையாது. ஆகவே இயங்குதளத்துக்கு 500 ஜிபி என்விஎம்இ (அதிவேக எஸ்எஸ்டி வகை) ஒன்றும், சாம்பிள்களுக்கு 1 டிபி சாட்டா (கேபிள் வழி இணையும், வேகம் குறைந்த வகை) எஸ்எஸ்டி ஒன்றும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். சாட்டாவின் நொடிக்கு 550 எம்பி வேகம் இவ்வேலைக்குப் போதும் என்பதே என் கருத்து.

சில மதர்போர்டுகளில் என்விஎம்இ செருகும் எம்.2 துளையை நிரப்பினால் ஒரு சாட்டா போர்ட் செயலிழந்துவிடும் என்பதால், கையேட்டைப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். என் அறையில், மெல்லொலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கின் பதிவில் உடுக்கை ஓய்ந்த இடைவெளியிலெல்லாம் ஹார்டு டிஸ்க்கின் மெல்லிய ரீங்காரம் கேட்டது. இப்போது அந்த டிஸ்க் காப்புநகலுக்கு மட்டும், அதுவும் அடுத்த அறையில், யுபிஎஸ் இணைப்போடு இருக்கிறது.