பழைய விண்டோஸ் குறிப்பைத் திருத்தப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

எந்த மென்பொருள் டூல்கிட்டின் (நிரல் எழுத உதவும் ஆயத்தக் கருவித் தொகுப்பின்) ஆவணத்தைப் புரட்டினாலும் இப்படிச் சில வரிகள் கண்ணில் படும்: "விண்டோஸ் 2000 முதல் மட்டும்", "மேக் ஓஎஸ் எக்ஸில் இது வேறு மாதிரி நடந்துகொள்ளும்", "லினக்ஸில் மவுஸ் சக்கரத்துக்கு 4, 5 ஆம் பட்டன்களைப் பிடிக்கவும்". எழுதிய அன்று ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய அரை நாள் தலைவலியை மிச்சப்படுத்தியிருக்கும். இன்று அவற்றில் சில செல்லாக்காசு, சில இன்னும் செல்லும். பார்த்த மாத்திரத்தில் எது எது என்று தெரியாது என்பதுதான் சிக்கல்.

திறமூலத் திட்டங்களில் புதிதாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வேலையில்தான் முதலில் கை வைப்பார்கள். நிரலைத் தொட வேண்டாம், பழைய வரியைத் தட்டிவிட்டால் போதும் என்ற எண்ணம். புதியவர்கள் செய்யக்கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எளிது என்று நம்பி இறங்குகிறவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரித் தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

பெயரைத் தேடி மாற்றுவது

ஆப்பிளின் கணினி ஓஎஸ் (இயங்குதளம்) முதலில் மேக் ஓஎஸ் எக்ஸ். 2012-ல் வெறும் ஓஎஸ் எக்ஸ் ஆனது. 2016-ல் மேக்ஓஎஸ் ஆனது. உடனே யாராவது ஒருவர் ஆவணம் முழுவதும் தேடி மாற்றிவிட்டு, நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட பேட்ச் (திருத்தத் தொகுப்பு) ஒன்றை அனுப்பிவைப்பார்.

சாதாரண வாக்கியங்களில் இதனால் கெடுதல் இல்லை. நிரலுக்குள் இருக்கும் பெயர்களில்தான் வம்பு. மேக்கின் எந்தப் பழைய பதிப்பு வரை நிரல் ஓட வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் சூழல் மாறியின் பெயரில் இன்றும் "மேக்ஓஎஸ்எக்ஸ்" என்றுதான் இருக்கிறது. அதையும் சேர்த்து மாற்றினால், ஆவணத்தைப் பார்த்து நகலெடுக்கிறவருக்குப் பிழைச்செய்தி கூட வராது. மாறி கண்டுகொள்ளப்படாமல் போகும், அவ்வளவுதான். பைத்தானில் ஓஎஸ் பெயரைக் கேட்டால் 64 பிட் விண்டோஸிலும் "வின்32" என்றுதான் பதில் வரும். அதைப் பழைய எச்சம் என்று நினைத்து "வின்64" ஆக்கினால் அந்த நிபந்தனை எந்தக் கணினியிலும் உண்மையாகாது.

பதிப்பு எண்களிலும் இதே கதை. 2020-ல் பிக் சர் வந்தபோது மேக்ஓஎஸ் 10-லிருந்து 11-க்குத் தாவியது. "10.9 அல்லது அதற்கு மேல்" என்ற குறிப்பின் கீழே, இரண்டாவது எண்ணை மட்டும் 9-உடன் ஒப்பிடும் மாதிரி நிரல் இருந்தால், அது 11.0-ஐப் பழைய பதிப்பு என்று சொல்லிவிடும். போதாக்குறைக்கு, பழைய எஸ்டிகேயில் (ஆப்பிள் தரும் நிரலாக்கக் கருவித் தொகுப்பில்) கட்டிய நிரல்களுக்கு அந்த ஓஎஸ் தன்னை 10.16 என்று காட்டியது. விண்டோஸ் பக்கம் பார்த்தால், 8.1 முதல், மேனிஃபெஸ்டில் (நிரலோடு வரும் விவரக் கோப்பில்) தன் ஆதரவைத் தெரிவிக்காத நிரல் பழைய முறையில் பதிப்பைக் கேட்டால் விண்டோஸ் 8-ன் எண்ணான 6.2 என்றே பதில் வரும். விண்டோஸ் 11-ம் உள்ளுக்குள் 10.0 தான். பில்ட் எண் 22000-லிருந்து தொடங்குவதை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். ஆகவே குறிப்பின் வாக்கியத்தை மட்டும் புதுப்பித்துவிட்டு அடியில் இருக்கும் மாதிரி நிரலை ஓட்டிப் பார்க்காமல் விடுவது அரைகுறை வேலை.

அழிப்பதா, நிபந்தனையை மட்டும் எடுப்பதா

"விண்டோஸ் 98-ல் இது வேலை செய்யாது" என்றொரு குறிப்பு. "விண்டோஸ் 2000 முதல், இதை அழைக்கும் முன் கைப்பிடியை மூட வேண்டும்" என்று இன்னொன்று (கைப்பிடி என்பது திறந்திருக்கும் கோப்பு போன்றவற்றை நிரல் குறிப்பிடும் அடையாளம்). இரண்டிலும் செத்துப்போன ஓஎஸ் பெயர் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர். முதலாவதை முழுக்க எடுத்துவிடலாம். இரண்டாவதில் "விண்டோஸ் 2000 முதல்" என்ற நிபந்தனை மட்டுமே இன்று தேவையற்றது, ஏனென்றால் அது எப்போதும் உண்மை. கைப்பிடியை மூடச் சொல்லும் எச்சரிக்கை இப்போது எல்லோருக்கும் பொருந்துகிறது, அதாவது முன்பைவிட முக்கியமாகிவிட்டது. பழைய பெயரைக் கண்டதும் மொத்த வரியையும் தூக்குவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

மூன்றாவது வகையும் உண்டு, அதுதான் நிறைய நேரம் பிடிக்கும்: பாதி காலாவதியானது. விண்டோஸில் சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் கோப்பு) உருவாக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். விஸ்டாவில் அது வந்தபோது நிர்வாகி உரிமையோ அதற்கென்று தனியாகத் தரப்பட்ட அனுமதியோ தேவைப்பட்டது. விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பில், டெவலப்பர் மோட் இயக்கத்தில் இருந்தால் சாதாரணப் பயனரும் உருவாக்கலாம் என்று ஆனது. பைத்தான் 3.8 அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தொடங்கியது. இப்போது "நிர்வாகி உரிமை வேண்டும்" என்ற பழைய குறிப்பு பொய்யா? டெவலப்பர் மோட் இல்லாத அலுவலக லேப்டாப்பில் அது இன்றும் மெய்தான். பைத்தான் ஆவணம் இரண்டையும் வைத்துக்கொண்டது. புதிய வழியை முதலில் சொல்லி, அது இல்லாவிட்டால் பழைய விதி பொருந்தும் என்கிறது.

கோப்புப் பாதையின் 260 எழுத்து வரம்பும் இதே ரகம். விண்டோஸ் 10-ன் 1607 பதிப்பில் அதைத் தளர்த்தினார்கள். ஆனால் ரெஜிஸ்ட்ரியில் ஓர் அமைப்பை மாற்றியிருக்க வேண்டும், நிரலும் தன் மேனிஃபெஸ்டில் அதை ஏற்பதாகச் சொல்லியிருக்க வேண்டும். "இப்போது வரம்பு இல்லை" என்று ஒரே வரியில் எழுதினால், ஆழமான ஃபோல்டருக்குள் மாட்டிக்கொள்கிறவர் ஆவணத்தை நம்பிய பாவத்துக்கு ஒரு சாயங்காலத்தைத் தொலைப்பார்.

ஓஎஸ் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள். பல குறிப்புகள் கெட்டுப்போவதற்கு வயது காரணமல்ல. எழுதும்போதே காரணத்தை விட்டுவிட்டு ஓஎஸ் பெயரை மட்டும் எழுதியதுதான் காரணம். திருத்துகிறவரும் அதையே திரும்பச் செய்தால் இன்னும் நாலைந்து வருடத்தில் மறுபடி யாராவது வந்து திருத்த வேண்டும்.

வேலையைப் பல பிராசஸ்களுக்குப் பிரித்துத் தரும் பைத்தானின் மல்டிபிராசஸிங் நல்ல உதாரணம். ஃபோர்க், ஸ்பான் என்பவை அதில் துணைப் பிராசஸைத் தொடங்கும் முறைகள். "யூனிக்ஸில் ஃபோர்க், விண்டோஸில் ஸ்பான்" என்று பல பாடக்குறிப்புகளில் இன்றும் இருக்கிறது. பைத்தான் 3.8-ல் மேக்ஓஎஸ் ஸ்பானுக்கு மாறியது. அங்குள்ள சிஸ்டம் நூலகங்கள் தாமாகவே த்ரெட்களைத் தொடங்கக்கூடும், அந்த நிலையில் ஃபோர்க் செய்தால் துணைப் பிராசஸ் விழுந்துவிடலாம் என்பது காரணம். 2025-ல் வந்த 3.14-ல் லினக்ஸின் இயல்பு முறையும் ஃபோர்க்சர்வர் என்ற மூன்றாவது முறை ஆகிவிட்டது. "யூனிக்ஸில்" என்று தொடங்கிய குறிப்பை இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது. "தொடக்க முறை ஃபோர்க் என்றால் பெற்றோர் பிராசஸின் மாறிகள் அப்படியே கிடைக்கும், ஸ்பான் என்றால் மாட்யூல் மறுபடி இறக்குமதியாகும்" என்று எழுதியிருந்த குறிப்பை யாரும் தொட வேண்டியிருக்கவில்லை.

லினக்ஸில் இதைவிடப் பெரிய குழப்பம், திரையில் ஜன்னல்களைக் காட்டும் முறைகளான எக்ஸ்11 (பழையது), வேலேண்ட் (புதியது) இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. பழைய ஆவணங்களில் "லினக்ஸ்" என்று இருக்கும் இடத்தில் பாதிக்கு மேல் உண்மையில் எக்ஸ்11-ஐத்தான் குறிக்கும், ஏனென்றால் அப்போது வேறு எதுவும் பரவலாக இல்லை. 2016-ல் லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோரா 25 வேலேண்டை இயல்பாக்கியது. உபுண்டு 17.10-ல் ஒரு முறை மாறி, 18.04-ல் பின்வாங்கி, 21.04-ல் மறுபடி மாறியது. வேலேண்டில் ஒரு சாதாரண ஜன்னல் தன்னைத் திரையின் இந்த இடத்தில் வை என்று கேட்கவே வழியில்லை, அதை கம்போசிட்டர்தான் (ஜன்னல்களைத் திரையில் அடுக்கும் நிரல்) முடிவு செய்யும். "லினக்ஸில் ஜன்னலை நகர்த்த இந்த ஃபங்ஷனை அழைக்கவும்" என்ற வரி இரண்டு முறையும் உள்ள ஒரே உபுண்டு கணினியில், லாகின் திரையில் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்து மெய்யாகவும் பொய்யாகவும் இருக்கும்.

க்யூட்டி என்ற டூல்கிட்டில் ஜன்னலின் ஒளிபுகும் தன்மையை மாற்றும் ஃபங்ஷனுக்கு ஒரு குறிப்பு உண்டு. எக்ஸ்11-ல் காம்போசிட் மேனேஜர் ஓட வேண்டும், விண்டோ மேனேஜர் இன்ன பண்பை ஆதரிக்க வேண்டும் என்று அது நிபந்தனையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பழைய குறிப்புதான், ஆனாலும் நிற்கிறது.

தொடக்கத்தில் சொன்ன மவுஸ் சக்கரத்துக்கு வருவோம். டிகே டூல்கிட்டில் வெகுகாலமாக மூன்று ஓஎஸ்ஸுக்கு மூன்று நடைமுறை: விண்டோஸில் 120-ன் மடங்காக எண் வரும், மேக்கில் 1, 2 என்று சிறிய எண்கள் வரும், எக்ஸ்11-ல் எண்ணே கிடையாது, 4, 5 ஆம் பட்டன்களை அழுத்தியதாகக் கணக்கு. 2024-ல் வந்த டிகே 9.0 மூன்றையும் ஒன்றாக்கியது. இங்கே பைத்தான் ஆட்கள் ஒரு குழியில் விழுவார்கள். "பைத்தான் 3.இன்னது முதல் இது மாறியது" என்று எழுதத் தோன்றும். ஆனால் உங்கள் டிகின்டர் (டிகேயைப் பைத்தானிலிருந்து பயன்படுத்தும் மாட்யூல்) எந்த டிகேயோடு கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது அது. ஒரே பைத்தான் பதிப்பு ஒரு கணினியில் 8.6-உடனும் இன்னொன்றில் 9.0-உடனும் இருக்கலாம். குறிப்பில் வர வேண்டிய எண் டிகேயின் எண். அதை எப்படிப் பார்ப்பது என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

இன்னும் அடுக்கலாம். "லினக்ஸுக்கு ஆயத்த வீல் கிடைக்கும்" (வீல் என்றால் முன்பே கட்டிவைத்த பைத்தான் தொகுப்பு) என்பது ஜிலிப்சி என்ற அடிப்படை சி நூலகம் உள்ள லினக்ஸுக்கு. மஸ்ல் என்ற வேறு சி நூலகத்தைப் பயன்படுத்தும் ஆல்பைன் லினக்ஸுக்குத் தனி வீல் வேண்டும். "விண்டோஸில் கோப்புப் பெயரின் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு கணக்கில்லை" என்பது ஓஎஸ்ஸின் குணம்கூட அல்ல, விண்டோஸ் 10-ன் 1803 முதல் ஃபோல்டருக்கு ஃபோல்டர் மாற்றிக்கொள்ளலாம்.

எந்தக் கிளை?

ஓர் ஓஎஸ்ஸுக்கு ஆதரவு முடிந்த செய்தி வந்ததும் குறிப்பை அழிக்கிறவர்கள் உண்டு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் பொது ஆதரவு முடிந்தது. அதற்காக டூல்கிட் அதில் ஓடாமல் போய்விடவில்லை. பார்க்க வேண்டியது மைக்ரோசாஃப்டின் தேதியை அல்ல, உங்கள் திட்டத்தின் கொள்கையை. பைத்தானில் பெப் 11 என்ற கொள்கை ஆவணம் இதைச் சொல்கிறது: புதிய பெரிய பதிப்பு வெளியாகும் நேரத்தில் மைக்ரோசாஃப்டின் நீட்டிக்கப்பட்ட ஆதரவில் இருக்கும் விண்டோஸ்களில் அந்தப் பதிப்பு ஓடும். அதனால்தான் 3.8 விண்டோஸ் 7-ல் ஓடியது, 3.9 ஓடவில்லை. க்யூட்டியிலும் 5.15 விண்டோஸ் 7-ஐ ஆதரித்தது, 6 ஆதரிக்கவில்லை. ஆக, விண்டோஸ் 7 குறிப்பை க்யூட்டி 6 ஆவணத்திலிருந்து எடுப்பது சரி. அதே பேட்சை 5.15 கிளைக்கும் (அந்தப் பதிப்புக்கென்று தனியாக வைத்திருக்கும் பிரதிக்கும்) அனுப்பினால், பழைய இயந்திரத்தோடு போராடிக்கொண்டிருக்கும் ஒருவரின் கடைசி உதவியைப் பிடுங்குகிறீர்கள்.

"தற்போது", "அண்மைப் பதிப்புகளில்", "விரைவில்" போன்ற சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்டால் எடுத்துவிட்டு எண்ணைப் போடுங்கள். எண் தெரியவில்லை என்றால் அந்த வரியை எழுதிய கமிட்டை (பதிவான மாற்றத்தை) கிட் என்ற பதிப்பு வரலாற்றுக் கருவியில் தேடுங்கள். தேதியும் பெரும்பாலும் ஒரு பிழை எண்ணும் கிடைக்கும். அந்தப் பிழை இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு அந்த ஓஎஸ்ஸில் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கையில் மேக் இல்லையென்றால் திட்டத்தின் தானியங்கிச் சோதனைகள் ஓடும் இயந்திரத்தில் ஒரு சின்ன நிரலை ஓட்டலாம், அல்லது "விண்டோஸில் மட்டும் சரிபார்த்தேன்" என்று பேட்சிலேயே எழுதிவிடலாம். அதைக் குறையாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

அப்புறம் மொழிபெயர்ப்பு. கெட்டெக்ஸ்ட் முறையில் மொழிபெயர்க்கப்படும் ஆவணங்களில் மூல வாக்கியத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்தப் பத்தியின் மொழிபெயர்ப்பு ஐயத்துக்குரியது என்று குறிக்கப்படும். யாராவது மறுபடி பார்த்து ஒப்புதல் தரும் வரை வாசகருக்கு ஆங்கிலம்தான் காட்டப்படும். தமிழ் போல ஆள் குறைவான குழுக்களுக்கு இது சின்ன விஷயமல்ல. எனவே பழைய குறிப்பைத் திருத்தும் சாக்கில் பக்கத்துப் பத்திகளின் நடையையும் மெருகேற்றாதீர்கள். பொருள் மாறும் திருத்தம் ஒரு கமிட், பெயர் மாற்றம் வேறு கமிட், வரி மடிப்பைச் சீராக்குவது இன்னொன்று. ஒரே குறிப்பு நிரலுக்குள் எழுதும் விளக்கமான டாக்ஸ்ட்ரிங்கிலும் கட்டளைக் கையேடான மேன் பக்கத்திலும் அறிமுகப் பாடத்திலும் மூன்று பிரதிகளாக இருந்தால், அவற்றை மட்டும் ஒரே கமிட்டில் சேர்த்துத் திருத்துங்கள். இல்லாவிட்டால் ஒன்று மாறி இரண்டு பழையபடி நிற்கும், எது சரி என்று படிக்கிறவர் மூல நிரலைத் திறந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.